உயர்நிலை வகுப்புகளில் ஆங்கில வாசிப்பு: எழுத்துக் கூட்டுதல் முதல் பொருள் காணுதல் வரை

தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும் மாணவர், முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து வந்தவர். எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், முன்பின் பாராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கையில் கொடுத்தால், அதைத் தாமாக வாசித்து இன்னது சொல்லப்பட்டுள்ளது என்று கூற இயலாதவர் பலர் உள்ளனர். வினாவிடைகளை மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சி பெற்றுவிட முடிவதால், இக்குறை பத்தாம் வகுப்பு முடியும்வரை வெளியே தெரியாமலே போய்விடுகிறது. பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ பாடநூலே ஆங்கிலத்தில் வந்து நிற்கும்போதுதான் அது முழு உருவில் வெளிப்படுகிறது. நாள்தோறும் 20 நிமிடத்தை இதற்கென ஒதுக்க முன்வரும் ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் 12 வாரங்களில் நடத்தக்கூடிய ஒரு செயல்முறையை இந்த இயல் வரிசைப்படி விளக்குகிறது. மாலைநேரப் பயிற்சி நடத்தும் தன்னார்வலரும் பெற்றோரும் சிறு மாற்றங்களுடன் இதைப் பின்பற்றலாம்.

கோட்பாடாக அறிந்திருக்க வேண்டியது ஒன்றே. எழுத்துருவைக் கண்டு சொல்லை இனங்காணுதல், மொழியைப் புரிந்து பொருள் கொள்ளுதல் என்னும் இரு திறன்களும் வாசிப்பில் கூட்டலாக அன்றிப் பெருக்கலாகச் சேர்கின்றன என்று 1986ஆம் ஆண்டில் காஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். பெருக்கலில் ஓர் எண் சுழியானால் விடையும் சுழியே என்பதால், எழுத்துக் கூட்டத் தெரியாத மாணவருக்குச் சொற்பொருள் பட்டியலைக் கொடுப்பதும், சரளமாக உச்சரித்தும் பொருள் விளங்காமல் நிற்கும் மாணவருக்கு மேலும் உச்சரிப்புப் பயிற்சி தருவதும் ஒன்றுபோலவே பயனற்றவை. எந்தப் பக்கம் அடைபட்டுள்ளது என்பதை அறிந்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

முதல் வாரம்: தடை எங்கே என்று கண்டறிதல்

இதற்குத் தேவையான பொருள்கள் மிகச் சில. மூன்று, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளின் பழைய ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து ஒவ்வொன்றிலும் 100 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைத் தேர்ந்து, தனித்தனி அட்டையில் பெரிய எழுத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். நொடி காட்டும் கடிகாரமும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும். ஒரு மாணவருக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால், 40 பேர் கொண்ட வகுப்பை நாளொன்றுக்கு எட்டுப் பேராக ஐந்து நாளில் முடித்துவிடலாம். மற்றவர்கள் எழுத்துப் பணியில் இருக்கும்போது, ஒவ்வொருவரையும் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ தனியாக வைத்துக் கேட்பது முறை.

1. முதலில் தமிழில் ஒரு சிறு பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட ‘நுழை, நட, ஓடு, பற’ என்னும் நான்கு படிநிலை நூல்கள் இதற்குப் பொருத்தமானவை. தமிழிலேயே எழுத்துக்கூட்டித் தடுமாறும் மாணவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி கொடுப்பது, அடித்தளம் இல்லாத இடத்தில் சுவர் எழுப்புவதாகும்.

2. அடுத்து, கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலையை 2005 முதல் ஆராய்ந்துவரும் அசர் ஆய்வு ஆங்கிலத்திற்குக் கையாளும் வரிசையை அப்படியே பின்பற்றலாம்: பெரிய எழுத்துகள், சிறிய எழுத்துகள், எளிய சொற்கள், எளிய வாக்கியங்கள். மாணவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. வாக்கியம் வரை வந்தவருக்கு ஐந்தாம் வகுப்பு அட்டையைக் கொடுத்து, தவறாக வாசித்த, விட்டுவிட்ட, உதவி கேட்ட சொற்களை எண்ண வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குள் பிழை இருந்தால் அடுத்த வகுப்பு அட்டைக்குச் செல்லலாம். பத்துக்கு மேல் போனால் அந்தப் பகுதி அவருக்குக் கடினம் என்று கொண்டு முந்தைய அட்டைக்கு இறங்க வேண்டும்.

4. வாசித்து முடித்ததும் அட்டையை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில் சொல்லுமாறு கேட்க வேண்டும். இங்கே ஆங்கிலத்தில் விடை கேட்பது தவறு. சோதிக்கப்படுவது வாசிப்பு, பேச்சு அன்று.

5. முடிவைப் பதிவேட்டில் மூன்று பிரிவுகளுள் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: எழுத்திலும் சொல்லிலும் தடுமாறுபவர் ‘அ’, சொற்களைச் சரியாக ஒலித்தும் பொருள் கூற இயலாதவர் ‘ஆ’, இரண்டும் ஓரளவு கைவந்து, வேகமும் ஆழமும் குறைந்தவர் ‘இ’.

இம்மூவருள் ஆசிரியரின் கண்ணுக்கு எளிதில் தப்புபவர் ‘ஆ’ பிரிவினரே. குரல் தெளிவாக இருப்பதால் வகுப்பில் பாடத்தை உரக்க வாசிக்க எழுப்பப்படுபவரும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆங்கிலச் செய்தி வாசிப்பவரும் பெரும்பாலும் இவர்களாகவே இருப்பதால், அவர்களுக்கு ஒரு குறை இருக்கும் என்ற ஐயமே எவருக்கும் எழுவதில்லை.

எச்சரிக்கை: பிரிவின் பெயர் பதிவேட்டைத் தாண்டக் கூடாது. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு வரிசையைத் தனியே உட்கார வைப்பது, 14, 15 வயதில் உள்ளவரைப் பயிற்சியிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும்.

எழுத்தும் ஒலியும்: ‘அ’ பிரிவினருக்கு

இப்பிரிவு மாணவரின் ஆங்கிலப் பாடநூலைத் திறந்தால், வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். உதவி போலத் தோன்றும் இப்பழக்கமே முதலில் நிறுத்தப்பட வேண்டியது. காரணம் எளிது: தமிழில் வல்லெழுத்து ஒன்றே இடத்திற்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கிறது, ஆங்கிலத்திலோ அவ்விரு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆடும் மேலங்கியும் தமிழ் எழுத்தில் ‘கோட்’ ஆகிவிடுகின்றன. நாய் குரைப்பதும் பூங்காவும் ‘பார்க்’ ஆகிவிடுகின்றன. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, பதினாறாம் எழுத்து ஆகிய இரண்டின் பெயரையும் ‘பி’ என்றும், நான்காம், இருபதாம் எழுத்துகளின் பெயரை ‘டி’ என்றும்தான் தமிழில் எழுத முடிகிறது என்னும்போது, இந்த ஊன்றுகோலை நம்பி நடப்பவர் எங்கே சறுக்குவார் என்பது விளங்கும். மேலும், கண் தமிழ் வரியிலேயே ஓடுவதால் கீழே உள்ள ஆங்கில எழுத்துருவை மாணவர் பார்ப்பதே இல்லை.

மாற்றாக, மாணவரின் காதுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து தொடங்குவது நல்லது. பஸ், டிக்கெட், ரேஷன், ஸ்டேஷன், சர்க்கஸ், போன், சிக்னல், டிபன் என்று ஒரு மாணவர் அன்றாடம் பேசும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தால் சில நூறு தேறும். இவற்றின் ஒலியும் பொருளும் அவருக்குத் தெரியும். தெரியாதது எழுத்துரு மட்டுமே. நாளுக்கு 10 நிமிடப் பயிற்சி இவ்வாறு அமையலாம்:

1. ஒரு சொற்குடும்பத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ரேஷன், ஸ்டேஷன், ஆக்‌ஷன், எலெக்‌ஷன் ஆகிய நான்கும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிவதை மாணவரே கண்டுபிடிக்குமாறு விட்டுவிட்டு, அப்பகுதியை மட்டும் வட்டமிடச் செய்ய வேண்டும்.

2. அதே முடிவுடைய, இதுவரை பாராத இரண்டு சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். விதியை வாய்பாடாகச் சொல்லித் தருவதைவிடப் புதிய சொல்லில் அதைப் பயன்படுத்த வைப்பதே நிலைக்கும்.

3. ஒரு நாளைக்கு ஒரு விதிக்கு மேல் கூடாது. சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் நிற்கும் ‘இ’ எழுத்து, முன்னுள்ள உயிரொலியை மாற்றுவது ஒரு நாள் பாடம்: ‘கிட்’ என்பது ‘கைட்’ ஆகும், ‘பின்’ என்பது ‘பைன்’ ஆகும், ‘ஹாப்’ என்பது ‘ஹோப்’ ஆகும். ‘சி’ என்னும் எழுத்து இ, ஐ, ஒய் ஆகிய எழுத்துகளுக்கு முன் ஸகர ஒலியும் பெரும்பாலான பிற இடங்களில் ககர ஒலியும் பெறுவது இன்னொரு நாள் பாடம். ‘சர்க்கஸ்’ என்னும் ஒரே சொல்லில் இரண்டும் வருவதால் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

4. கடைசி மூன்று நிமிடம், அன்று கண்ட சொற்களுள் ஐந்தைச் சொல்வதெழுதுதலாகக் கொடுக்க வேண்டும். கை எழுதும்போது கண் கூர்மையடைகிறது.

விதிக்கு அடங்காத சொற்களும் உள்ளன. ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’ ஆகிய மூன்றும் ஒரே நான்கு எழுத்து முடிவைக் கொண்டிருந்தும் மூன்று விதமாக ஒலிப்பதை எந்த விதியாலும் விளக்கிக் கொண்டிருக்க முடியாது. ‘வாஸ்’, ‘செட்’, ‘டஸ்’, ‘குட்’ போல அடிக்கடி வருபவற்றை, கண்டவுடன் சொல்லும்படி முழு உருவாகவே பழக்க வேண்டும். இவை பார்வைச் சொற்கள் எனப்படும். எட்வர்ட் டோல்ச் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1936இல் தொகுத்த 220 பார்வைச் சொற்களின் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. நாளுக்கு ஐந்தாக எடுத்தால் ஒன்பது வாரப் பள்ளி நாள்களில் அது முடிந்துவிடும். ‘வாஸ்’, ‘சா’ ஆகிய இரண்டும் ஒன்றன் எழுத்து வரிசையைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று ஆகிவிடுவதால், அவற்றை ஒரே நாளில் கற்பிக்கக் கூடாது.

வாக்கியத்தை அள்ளி வாசித்தல்: ‘ஆ’ பிரிவினருக்கு

தமிழ் மாணவருக்கு ஆங்கில வாசிப்பில் நேரும் பெருந்தடை சொற்களில் இல்லை, வாக்கிய அமைப்பில் உள்ளது. தமிழில் வினை இறுதியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கிறது. ஒரு பெயரை விளக்கும் சொற்கள் எத்தனை நீளமாயினும் அப்பெயருக்கு முன்னரே வந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருகிறது. நீண்ட விளக்கம் பெயருக்குப் பின்னால் தொங்குகிறது. ‘கோயிலருகே வசிக்கும் மூதாட்டி தினமும் காலையில் பூ விற்கிறார்’ என்பதை ஆங்கிலம், ‘தி ஓல்டு வுமன் ஹூ லிவ்ஸ் நியர் தி டெம்பிள் செல்ஸ் ஃப்ளவர்ஸ் எவ்ரி மார்னிங்’ என்று சொல்லும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்த மாணவர்கூட இதை, ‘மூதாட்டி, யார், வசிக்கிறார், அருகில், கோயில், விற்கிறார்’ என்று கோத்துப் பார்த்து, எங்கோ ஒரு கேள்வி கேட்கப்படுகிறது என்று முடிவு கட்டுகிறார். அகராதியைக் கொண்டு தீர்க்க முடியாத சிக்கல் இது.

தீர்வு, ஆங்கில ஆசிரியர்கள் ‘சென்ஸ் குரூப்’ என்று குறிப்பிடும் சொற்கூட்டமாக, அதாவது ஒரே மூச்சில் ஒரே பொருளாகக் கொள்ளத்தக்க சில சொற்களின் தொகுதியாக, வாக்கியத்தைப் பிரித்து வாசிக்கப் பழக்குவதாகும்.

1. முதலில் வாக்கியத்தின் தலைமை வினையைக் கண்டு அடிக்கோடிடச் செய்ய வேண்டும். மேலே கண்ட வாக்கியத்தில் அது ‘செல்ஸ்’. ‘லிவ்ஸ்’ என்பதும் வினைதானே என்று மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். ‘ஹூ’வுக்குப் பின் வரும் வினை மூதாட்டியை விளக்க வந்தது, செய்தியைச் சொல்ல வந்ததன்று என்று காட்டுவதற்கு அக்கேள்வியே வாயில்.

2. ‘விற்பவர் யார்?’ என்று கேட்டு எழுவாயை வட்டமிடச் செய்ய வேண்டும்.

3. சொற்கூட்டங்களுக்கு இடையே சாய்கோடு போட வேண்டும்: தி ஓல்டு வுமன் / ஹூ லிவ்ஸ் நியர் தி டெம்பிள் / செல்ஸ் ஃப்ளவர்ஸ் / எவ்ரி மார்னிங். முதல் வாரத்தில் ஆசிரியரே கோடிட்டுக் கொடுக்க, அடுத்த வாரம் மாணவர் இருவராகச் சேர்ந்து இட, மூன்றாம் வாரம் தனியே இடுவது சரியான ஏற்றம்.

4. ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே மூச்சில் வாசித்து, அந்த வரிசையிலேயே தமிழில் பொருள் சொல்ல வேண்டும்: ‘அந்த மூதாட்டி, கோயிலருகே வசிப்பவர், பூ விற்கிறார், தினமும் காலையில்.’ இது நல்ல தமிழ் வாக்கியம் அன்று என்று பல ஆசிரியர்கள் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை, செம்மையான தமிழாக்கம் கேட்டால் மாணவர் வாக்கியத்தின் இறுதிக்கு ஓடிப் பின்னோக்கி வரத் தொடங்குவார், முன்னோக்கி வாசிக்கும் பழக்கம் கைகூடாது.

5. கோடுகளை அழித்துவிட்டு அதே பத்தியை மேலும் இருமுறை வாசிக்க வேண்டும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சொல்லை இனங்காணும் உழைப்பைக் குறைத்து, கவனத்தைப் பொருள்பக்கம் திருப்புகிறது.

சில இடங்கள் வழுக்குப் பாறைகள். அவற்றை வகுப்புச் சுவரில் ஒரு தாளில் எழுதித் தொங்கவிடுவது பயன்தரும். ‘ஹூ’, ‘விச்’, ‘வென்’ ஆகியவை வாக்கியத்தின் நடுவில் பெரும்பாலும் யார், எது, எப்போது என்று கேட்பதில்லை. ‘வென் ஹி கேம்’ என்பது ‘அவன் வந்தபோது’. செயப்பாட்டு வினை இன்னொன்று: ‘தி டைகர் வாஸ் கில்டு பை தி வில்லேஜர்ஸ்’ என்பதைப் படித்துவிட்டு, புலி ஊராரைக் கொன்றது என்று சொல்லும் மாணவர், முதலில் வருவதையே செய்பவராகக் கொள்கிறார், ‘பை’ என்னும் சிறு சொல்லை வட்டமிடப் பழகினால் இது பெரும்பாலும் நீங்கும். ‘அன்லெஸ்’ பலருக்கு விளங்குவதில்லை. தமிழில் ‘பெய்தாலொழிய’, ‘வந்தாலொழிய’ என்று அதற்கு நேரான வடிவம் இருப்பதைக் காட்டினால் ஒரே நாளில் விளங்கிவிடும். ‘எ ஃப்யூ’ என்றால் சில உண்டு, ‘ஃப்யூ’ என்றால் இல்லையென்றே சொல்லலாம் என்னும் நுண்மையை ‘இ’ பிரிவினருக்கு விட்டுவிடலாம்.

குறிப்பு: ‘இட்’, ‘தே’, ‘திஸ்’ போன்ற சுட்டுச் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று அம்புக்குறி இட்டுக் காட்டச் சொல்வது மிகச் சிறந்த சோதனை. அம்பு தவறான பெயரில் போய்த் தைத்தால், பத்தி முழுவதும் தவறாகவே விளங்கியிருக்கும்.

கேள்விகள் எதைச் சோதிக்கின்றன

‘பிலுகன் மாட்டையைச் சொரித்தான்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். ‘மாட்டையைச் சொரித்தவன் யார்?’ என்று கேட்டால் ‘பிலுகன்’ என்று எவரும் விடை கூறிவிடுவர். பிலுகன் யார், மாட்டை என்றால் என்ன என்று கேட்டவருக்கும் தெரியாது, சொன்னவருக்கும் தெரியாது. கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அது நிற்கும் வரியை அப்படியே எடுத்து எழுதி முழு மதிப்பெண் பெறும் வழக்கம் இவ்வாறே நடைபெறுகிறது. இதை உடைப்பதற்குக் கேள்விகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் மூன்றிலும் ஒன்றேனும் கேட்க வேண்டும்.

1. வரியில் இருப்பது: விடை ஒரே வாக்கியத்தில் கிடைக்கும். இதையும் பாடத்தில் உள்ள சொல்லைத் தவிர்த்து, அதே பொருள் தரும் வேறு சொல்லால் கேட்க வேண்டும்.

2. வரிகளைச் சேர்த்தால் கிடைப்பது: இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பதை ஒன்றாக்க வேண்டும்.

3. வரிகளுக்கு இடையே இருப்பது: ஆசிரியர் சொல்லாமல் விட்டதை மாணவர் உய்த்துணர வேண்டும். இவ்வகைக்கு ‘எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?’ என்ற துணைக்கேள்வி கட்டாயம். அது இல்லையேல் விடை வெறும் ஊகமாகிவிடும்.

பாடநூலைக் கையாளுதல்

ஆசிரியர் ஒரு வரி வாசித்து, அதன் பொருளைத் தமிழில் கூற, மாணவர் கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதிக்கொள்வதே பரவலான நடைமுறை. இதில் வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே. மாணவர் பெறுவது கதை கேட்ட பயன் மட்டும். பத்தாம் வகுப்புப் பாடநூலின் முதல் உரைநடைப் பகுதியான லியாம் ஓ ஃப்ளாஹர்ட்டியின் ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ கதையைக் கொண்டு மாற்று வழியைக் காணலாம். பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் தனித்து நிற்கும் ஓர் இளம் கடற்பறவையைப் பசி பறக்க வைக்கும் கதை அது.

1. பாடத்தைத் திறக்குமுன், நீச்சலோ சைக்கிளோ முதன்முதலில் பழகியபோது எது பயத்தைப் போக்கியது என்று தமிழில் ஐந்து நிமிடம் பேசவிட வேண்டும்.

2. கதை நடக்கும் இடத்தைக் கரும்பலகையில் வரைந்து, செங்குத்துப் பாறை, அதன் விளிம்பு, கீழே கடல் ஆகியவற்றுக்கு ஆங்கிலப் பெயரிட வேண்டும். முன்கூட்டித் தரும் சொற்கள் ஏழுக்கு மேல் போகக் கூடாது.

3. முதல் பத்தியை ஆசிரியர் சொற்கூட்டமாக, நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். மாணவர் விரலை வரியில் ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டும்.

4. அடுத்த பத்திகளை மாணவர் மௌனமாக வாசிக்க வேண்டும். தாய்ப்பறவை அலகில் மீன் துண்டுடன் அருகே வந்து நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அது ஏன் கொடுக்காமல் நிற்கிறது, இனி என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொன்னால் மகிழ வேண்டும். அடுத்த பக்கத்தை அவர்கள் ஆவலோடு புரட்டுவர்.

5. முடிந்ததும், மாணவர் இருவர் இருவராக மூன்று கேள்விகள் உருவாக்கி வேறு இணையிடம் கேட்க வேண்டும். ‘புக் பேக்’ கேள்விகள் இதற்குப் பின்னரே வர வேண்டும்.

இப்படி ஒரு பாடத்திற்கு ஐந்து பாடவேளைகள் பிடிக்கும். எல்லாப் பாடங்களுக்கும் இது இயலாது; ஆண்டில் நான்கு பாடங்களை இம்முறையில் நடத்தி மற்றவற்றை வழக்கம்போல் முடிப்பது, எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட்டுவதைவிட மேல்.

சொற்களும் அகராதியும்

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்கெனக் குறைந்த சொற்களில் வாசிப்பு நூல்கள் எழுதியவர். 1953இல் வெளியான அவரது பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. கடினச் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இத்தகைய அடிப்படைச் சொற்களைப் பல இடங்களில் பலமுறை சந்திப்பதே வாசிப்புக்கு உதவும்.

அகராதியைப் பார்க்குமுன் மாணவர் பொருளை ஊகித்து விளிம்பில் எழுத வேண்டும். பிறகு அகராதியில் கண்ட பல பொருள்களுள் அந்த இடத்துக்கு ஒத்ததைத் தேர வேண்டும். முதலில் அச்சாகியிருக்கும் பொருளையே எடுத்துக்கொள்வது பொதுவான பிழை. தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும்: ‘கரன்ட்’ என்றால் மின்சாரம் என்று மட்டுமே அறிந்தவர், ‘கரன்ட் அஃபேர்ஸ்’ என்பதைக் கண்டு திகைப்பார்.

எளிய நூல்களைப் பெருமளவில் வாசித்தல்

பயிற்சிகள் எத்தனை செய்தாலும், எளிய பக்கங்களை நிறையப் புரட்டாமல் வாசிப்பு ஓடாது. 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் எல்லி, மங்குபாய் என்னும் ஆய்வாளர்கள் சுவையான ஆங்கிலக் கதைநூல்களை வகுப்பறைகளில் குவித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் கற்ற குழந்தைகளைவிட அந்நூல்களை வாசித்தவர்கள் தெளிவாக முன்னேறினர். பாடநூல் இவ்வேலைக்கு உதவாது. அது மாணவரின் நிலைக்கு மேலே நிற்கிறது. நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இல்லாத பக்கமே தனியே வாசிக்கத் தக்கது.

நூல்கள் கிடைக்குமிடம் பல. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை குறிக்கப்பட்ட கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிடலாம்; பல கதைகள் தமிழிலும் இருப்பதால், முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருவது ‘அ’ பிரிவினருக்கு ஏற்றது. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்கள் வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. 1980 முதல் வரும் ‘டிங்கிள்’ இதழின் பழைய பிரதிகளும் கிரிக்கெட் செய்திப் பக்கங்களும் எந்த நூலுக்கும் குறைந்தவை அல்ல.

1. வாரத்தில் இரண்டு நாள் 20 நிமிடம் மௌன வாசிப்பு. ஆசிரியரும் அந்நேரம் ஒரு நூலை வாசிக்க வேண்டும். தாள் திருத்தக் கூடாது.

2. தேர்வு மாணவருடையது. பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடும் உரிமையும் அவருக்கு உண்டு.

3. வாசித்ததற்குச் சுருக்கம் எழுதச் சொல்லக் கூடாது. நூலின் பெயர், பக்கம், ‘பிடித்தது’ அல்லது ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரு சொல் போதும்.

4. மூன்றாம் வகுப்புப் பாடநூலை ஒன்பதாம் வகுப்பு மாணவர் கையில் கொடுக்க நேர்ந்தால், எல்லா நூல்களுக்கும் ஒரேமாதிரிக் காக்கி அட்டை போட்டு வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவையும் பாதுகாப்பும்

வரிசை எண்படி எழுப்பி ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் செய்வது, எழுந்தவருக்கு நடுக்கத்தையும் மற்றவருக்குத் தம் பத்தி எது என்று எண்ணிக் கொண்டிருக்கும் வேலையையும் மட்டுமே தருகிறது. உரக்க வாசித்தல் வேண்டுமெனில், முன்பே பயின்ற பகுதியை இணையரிடமோ சிறு குழுவிலோ வாசிக்கச் செய்யலாம். வாசிக்கும்போது ஒவ்வொரு பிழையையும் இடைமறித்துத் திருத்தக் கூடாது. பொருளை மாற்றும் பிழையை மட்டும், வாக்கியம் முடிந்தபின், ‘இதை இன்னொரு முறை பார்’ என்று திருப்பி விட வேண்டும். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதை முதல் நாளிலேயே தடுத்துவிட வேண்டும்.

தாளை முகத்தருகே கொண்டுவருபவர், வரி தவறுபவர், வாசித்ததும் தலைவலி என்பவர் ஆகியோரை வாசிப்புக் குறைபாடு உள்ளவர் என்று முடிவு செய்யுமுன் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; தமிழ்நாட்டில் பள்ளி மாணவருக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் இலவசக் கண்ணாடி வழங்கப்படுகிறது. கண்ணும் செவியும் சரியாக இருந்து, பேச்சில் சுட்டியாக இருந்து, பல வாரத் தனிப்பயிற்சிக்குப் பின்னும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துகள் நழுவிக்கொண்டே போனால், டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். அதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் வேலை அன்று. தகுந்த மதிப்பீட்டுக்குப் பெற்றோரைத் தனியே அழைத்து மென்மையாக வழிகாட்டுவதே அவர் கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியிருப்பதாலும், சான்று பெற்றவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு என்பதாலும், பத்தாம் வகுப்பின் இறுதிவரை காத்திராமல் ஒன்பதிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

முன்னேற்றத்தை அளத்தல்

மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, அதே வகுப்பு நிலையில் புதிய 100 சொற்பகுதி ஒன்றைக் கொடுத்து, பிழை எண்ணிக்கை, எடுத்த நொடிகள், தமிழில் திருப்பிச் சொன்ன செய்திகள் ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். பிழை குறைந்து நேரம் கூடினால் கவலை வேண்டாம், மாணவர் கவனிக்கத் தொடங்கிவிட்டார். நேரம் குறைந்து திருப்பிச் சொல்வதும் குறைந்தால், வேகத்தைப் புகழ்வதை நிறுத்திவிட்டுச் சொற்கூட்டப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். ஒப்பீடு மாணவரின் முந்தைய பதிவுடன் மட்டுமே. பட்டியலைச் சுவரில் ஒட்டக் கூடாது.

பத்தாம் வகுப்பினருக்கு ஒரு சிறு பயிற்சி கடைசி இரு வாரங்களில் சேர்க்கத் தக்கது. பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க மட்டும் 10 நிமிடம் தரப்படுகிறது. மாணவர் பலர் அதைத் தெரிந்த கேள்விகளைத் தேடுவதில் செலவிடுகின்றனர். பழைய வினாத்தாள்களைக் கொண்டு, அந்த 10 நிமிடத்தில் பாடநூலில் இல்லாத பத்தியை முதலில் எடுத்து, அதற்குரிய கேள்விகளை ஒருமுறையும் பத்தியை இருமுறையும் வாசித்து, தலைமை வினைகளை மனத்துக்குள் குறித்துக்கொள்ளுமாறு பழக்க வேண்டும். பேனாவைத் தொட அனுமதியில்லாத நேரம் என்பதால், சாய்கோடு இல்லாமலே சொற்கூட்டம் காண முடிகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.